புதுப்பிப்பு: பெங்களூரில் பழைய ஒட்டுவீட்டை இடிப்பது

அல்சூர் மாதிரி நெருக்கமான தெருக்களில் பொதுச்சுவர் (இரண்டு வீடுகளுக்கும் சேர்ந்த ஒரே சுவர்) உள்ள வீட்டை இடிப்பது பற்றி முன்பு எழுதியதில் விட்டுப்போனவை இவை.

“மெயினை ஆஃப் பண்ணியாச்சு, ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. மின்வாரியமான பெஸ்காம் வந்து மீட்டரையும் சர்வீஸ் வயரையும் கழற்றிய பிறகுதான். தண்ணீர் இணைப்பும் அப்படியே.

கட்டடம் இடிப்பதற்கான இந்தியப் பாதுகாப்புத் தரநிலை ஐஎஸ் 4130 சொல்வது மேலிருந்து கீழாக, மாடி மாடியாக இடிக்க வேண்டும் என்று. பெரும்பாலும் கோட்டை விடுவது இடிபாட்டைத் தளத்திலேயே குவிப்பதில். வீட்டுத் தளத்தின் பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், சாமான்கள் என்று அது தாங்க வேண்டிய எடை) சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கணக்கு. அரையடி உயர இடிபாடே அதைத் தொட்டுவிடும். அன்றன்றே இறக்குங்கள். சன்ஷேடை அழுத்திப் பிடித்திருப்பது மேலுள்ள சுவரின் எடை. சுவரை முதலில் எடுத்தால் சன்ஷேடு ஆளோடு கவிழும். முட்டுக் கொடுத்து சன்ஷேடை முதலில் உடையுங்கள்.

பொதுச்சுவர் பக்கம் ஜேசிபி வேண்டவே வேண்டாம், கைவேலைதான். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வையுங்கள். பின்னால் வரும் முக்கால்வாசிச் சண்டை இதில்தான்.

கழிவுக்குப் பொறுப்பு அதை உண்டாக்குபவருக்கே. கான்கிரீட், செங்கல், கம்பி, மரம், மண் தனித்தனியாக. ராஜகாலுவேயில் (பெரிய மழைநீர்க் கால்வாய்) கொட்டும் லாரிக்காரர் மலிவாகக் கேட்டாலும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், நனைத்து முழுசாகக் கழற்றுங்கள்.