பேஸ்64 பாதியிலேயே நின்னுருதுங்க, அவசரம்

பல்லடத்தான்: சி மொழியில, பைட்டுகளை வெறும் எழுத்தா மாத்தற பேஸ்64 முறையில என்கோட் பண்ணி எஸ்எம்எஸ்ல அனுப்பறேனுங்க. முழுசா வர மாட்டேங்குது. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால்ல தண்ணி விடறதுக்குள்ள போர்டைக் கொண்டுபோய் மாட்டோணும். யாராச்சும் பாருங்க.

நொய்யல்கரை: என்ன போர்டு, எத்தனை பைட், எத்தனை எழுத்து வருது? கோடும் போடாம என்னத்தைங்க சொல்றது?

ஊத்துக்குளி வெண்ணெய்: மெயிலுக்கான என்கோடரை எடுத்துப் போட்டிருப்பீங்க. அது 76 எழுத்துக்கு ஒருக்கா வரியை உடைக்கும். அதான்.

பல்லடத்தான்: போர்வெல் மோட்டார் கன்ட்ரோலருங்க. 48 பைட். 8 எழுத்துதான் வருது, கடைசியில ஒரு =. மோட்டார் ஓடறப்ப கொஞ்சம் நீளமா வருது.

சிறுவாணி: மூணு பைட்டுக்கு நாலு எழுத்து, அப்ப 48 பைட்டுக்கு 64 எழுத்து. கடைசியில மூணு நிறையாதப்பதான் = வரும். 3-ஆல மீதியில்லாம வகுபடறதால = வரவே கூடாது. 76 வரைக்கும் போகவே போகாது, வெண்ணெய். 8 எழுத்து, ஒரு = என்றால் உள்ளே போனது 5 பைட். 6வது பைட் என்ன?

பல்லடத்தான்: மோட்டார் நிலைங்க. நின்னா 0, ஓடினா 1.

சிறுவாணி: நீளத்தை, ஸ்ட்ரிங் நீளம் எண்ணற ஸ்ட்ர்லென் (strlen) போட்டு எடுத்திருக்கீங்க. 0 பைட்டைக் கண்டா ஸ்ட்ரிங் முடிஞ்சுதுன்னு அது நின்னுரும். ஸ்ட்ரிங்குக்கும் பைனரிக்கும் வித்தியாசம் தெரியாம கன்ட்ரோலர் செய்ய வந்தா இப்படித்தான். 48-ஐ நேரா கொடுங்க. ஃபங்ஷனுக்குள்ள பாயின்டர் (டேட்டா இருக்கற எடத்தோட முகவரி) மேல, அளவு கேக்கற சைஸ்ஆஃப் (sizeof) போட்டா பாயின்டர் அளவுதான் கிடைக்கும், அதையும் செஞ்சு வைக்காதீங்க. ஸ்ட்ர்காப்பியும் (strcpy) 0-ல நின்னுரும், அது இருந்தா பைட் கணக்குல நகலெடுக்கற மெம்காப்பி (memcpy) ஆக்குங்க. வெளிய வர்ற எழுத்தை வைக்கற பஃபர் 4*((பைட்+2)/3)+1, உங்களுக்கு 65.

நொய்யல்கரை: திட்டாமயே சொல்லலாமுங்க.

கொடுமுடி: எதுக்கு பேஸ்64? ஹெக்ஸ் (ஒரு பைட்டுக்கு ரெண்டு எழுத்து) போடுங்க. 96 எழுத்து, ஒரு எஸ்எம்எஸ்ஸோட 160 எழுத்துக்குள்ள அடங்கும். கண்ணாலயே படிச்சுரலாம்.

சிறுவாணி: 80 பைட்டைத் தாண்டினா ஹெக்ஸுக்கு ரெண்டு எஸ்எம்எஸ். பேஸ்64-ல 120 வரைக்கும் ஒண்ணு போதும்.

கொடுமுடி: அவர்கிட்ட இருக்கறது 48. குடிக்கத் தண்ணி கேட்டா கெணறு வெட்டச் சொல்றீங்க.

ஊத்துக்குளி வெண்ணெய்: யூஆர்எல்-ல போனா + இடைவெளியா மாறிரும். அதுக்கு - போடுங்க, / இருக்கற எடத்துல _.

நொய்யல்கரை: எஸ்எம்எஸ்னு முதல் வரியிலயே இருக்குதுங்க வெண்ணெய்.

பல்லடத்தான்: 64 வந்துருச்சு. ஆனா அதே கோடை பிசியில ஓட்டினா அங்கங்க // வருதுங்க. போர்டுல இல்ல.

நொய்யல்கரை: போர்டுல ஏஆர்எம் சிப்பா? அதுக்கு ஜிசிசி கம்பைலர் வெறும் கேர்-ஐ (char) அன்சைன்டா (மைனஸ் இல்லாம) எடுத்துக்கும். எக்ஸ்86 பிசியில சைன்டு. மூணு பைட்டை ஷிஃப்ட் பண்ணி ஆர் (OR) போட்டுச் சேர்க்கறப்ப, மூணாவது 128-ஓ அதுக்கு மேலயோ இருந்தா மைனஸாகி மேல் பிட் எல்லாம் 1 ஆயிரும். ஆறு பிட்டும் 1-னா பேஸ்64-ல அது /, அதனால அந்த நாலெழுத்து // னு ஆரம்பிக்கும். பஃபரை அன்சைன்டு கேர்னு அறிவிச்சுருங்க. டீகோட் டேபிளுக்கும் அதேதான், மைனஸ் இன்டெக்ஸ் போனா டேபிளுக்கு வெளிய போய்ப் படிக்கும். கொடுமுடி, ஹெக்ஸுக்கு மாறினாலும் இந்த வினை விடாதுங்க. பிரின்ட்எஃப்ல (printf) 90 வரவேண்டிய எடத்துல முன்னால ஆறு எஃப் ஒட்டிட்டு வரும்.

பல்லடத்தான்: சரியாயிருச்சுங்க. கெளம்பறேன்.

கொடுமுடி: அன்சைன்டு போட்டா ஹெக்ஸும் சரியா வருமில்ல?