பாராசூட் வெளியே வருது, விரிய மாட்டேங்குது: உதவி வேண்டும்

தட்டான்பூச்சி

வணக்கம். நாங்கள் நாலு பேர், மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். ஒரு போட்டிக்காக 600 கிராம் எடையில் டப்பா ஒன்று செய்திருக்கிறோம். உள்ளே பாரோமீட்டர், ஜிபிஎஸ், பேட்டரி. ட்ரோனில் 100 மீட்டர் ஏற்றி விட்டுவிட்டால் நொடிக்கு 5 மீட்டரை ஒட்டிய வேகத்தில் இறங்க வேண்டும்.

பாராசூட் குடைத் துணியில் வட்டமாக வெட்டியது. தரையில் விரித்தால் குறுக்களவு 80 செ.மீ. எட்டு நைலான் கயிறு, ஒவ்வொன்றும் 50 செ.மீ. துணியை மடித்து, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, டப்பாவின் மேல்வாயில் திணித்துக் காகித மூடி போடுகிறோம். விழும்போது காற்றே மூடியைப் பிய்த்துத் துணியை இழுத்துவிடும் என்பது எங்கள் திட்டம்.

முதல் தடவை விரிந்தது, ஆனால் டப்பா ஊஞ்சல் மாதிரி ஆடியது. இரண்டாம் தடவை பாதி உயரம் விழுந்த பிறகுதான் விரிந்தது. மூன்றாம் தடவை துணி பந்தாக வெளியே வந்து, பந்தாகவே தரைக்கு வந்தது. டப்பா அப்பளம். பேட்டரி உப்பிவிட்டது.

துணி போதவில்லை, 120 செ.மீ. ஆக்கிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வெட்டுவதற்கு முன் கேட்டுவிடலாமே என்று வந்தேன். இன்னும் 18 நாள்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

முதலில் அந்த உப்பிய பேட்டரியை அறையிலிருந்து வெளியே எடுத்து, தீப்பிடிக்காத இடத்தில் வை தம்பி. மறுபடி சார்ஜ் போடாதே.

அளவில் தப்பே இல்லை. சீரான வேகத்தில் இறங்கும்போது எடையும் காற்றின் தடையும் சமம். நம் ஊர் வெயிலில் காற்றின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1.16 கிலோ, தட்டைத் துணிக்கு இழுவைக் கெழு (அந்த வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கும் என்கிற எண்) 0.75 என்று வைத்தால் உன் 80 செ.மீ. துணி நொடிக்கு 5.2 மீட்டர் தருகிறது. கேட்டதே அதுதானே? 120 செ.மீ. ஆக்கினால் 3.5 மீட்டர். 19 நொடியில் இறங்க வேண்டியது 29 நொடி மிதக்கும். காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசினால் 145 மீட்டர் தள்ளிப் போய் யார் கிணற்றிலாவது விழும்.

விரியாத துணியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது பெரிய பந்து, அவ்வளவுதான்.

வெள்ளோட்டம்

ஆட்டத்துக்கு நான் சொல்கிறேன். குடைத் துணியில் பூச்சு இருக்கிறது, காற்று ஊடுருவாது. உள்ளே சேர்ந்த காற்று ஒரு பக்க ஓரமாக வழியும், குடை சாயும், அடுத்து மறுபக்கம் வழியும். 1797-ல் பாரிசில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிய கார்னெரினுக்கும் இதே கதைதான். உச்சியில் ஓட்டை இல்லாத பட்டுக் குடை, பயங்கரமாக ஆடிக்கொண்டே தரைக்கு வந்தார். உச்சியில் 8 செ.மீ. வட்டம் வெட்டி ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். பரப்பில் நூற்றில் ஒரு பங்குதான் போகும், இறங்கும் வேகம் அசையாது.

கயிறும் குட்டை. குறைந்தது துணியின் குறுக்களவு நீளமாவது வேண்டும். 50 செ.மீ. கயிறு வாயை உள்பக்கமாக இழுத்துப் பிடிக்கும்.

பழைய மடிப்பாளர்

விமானப்படையில் பாராசூட் மடிக்கும் பிரிவில் சில வருஷம் இருந்தவன். மூன்று கேள்வி. மூன்று தடவையும் மடித்தது ஒரே ஆளா? மடித்து எவ்வளவு நேரம் கழித்து விட்டீர்கள்? முதல் தடவை டப்பா நேராக விழுந்ததா, உருண்டு விழுந்ததா?

தட்டான்பூச்சி

ஐயா, இரண்டு பேர் மாற்றி மாற்றி மடித்தோம். முதல் தடவை மைதானத்திலேயே மடித்து உடனே விட்டோம். மூன்றாவது முந்தின ராத்திரியே மடித்தது. மறுநாள் மதியம் வரை பைக் பெட்டியில் இருந்தது.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை டப்பா கரணம் அடித்தபடி விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு அடியில் எடை சேர்த்ததால் மற்ற இரண்டு தடவையும் நேராக விழுந்தது. நேராக விழுவது நல்லதுதானே?

பழைய மடிப்பாளர்

டப்பாவுக்கு நல்லது, உன் பாராசூட்டுக்கு இல்லை. நேராக விழும் டப்பாவுக்கு மேலே இருப்பது நிழல் காற்று. ஓடுகிற லாரியின் பின்னால் சைக்கிளில் ஒட்டிப் போனால் எதிர்காற்று தெரியாது, பார்த்திருப்பாய். அந்த இடத்தில்தான் உன் காகித மூடி இருக்கிறது. அதைப் பிய்க்க அங்கே காற்றுக்கு வலுவில்லை. முதல் தடவை டப்பா உருண்டதால் வாய் காற்றுப் பக்கம் திரும்பியது. அதிர்ஷ்டத்தில் விரிந்ததை நீங்கள் வடிவமைப்பு என்று நினைத்துவிட்டீர்கள்.

இரண்டாவது, துணி மேல் கயிற்றைச் சுற்றுவது. ஒருவன் தளர்வாக இரண்டு சுற்று சுற்றுவான், இன்னொருவன் அக்கறையாக ஆறு சுற்று இறுக்குவான். இங்கே அக்கறைதான் ஆபத்து. கூடவே பூச்சுத் துணியை மடித்து வெயிலில் அழுத்தி வைத்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பாராசூட்டைத் துணியாகப் பார்க்காதே, வரிசையாகப் பார். யார் யாரை இழுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 1967 ஏப்ரலில் சோவியத் விண்கலம் சோயுஸ் 1 விழுந்து விண்வெளி வீரர் கொமரோவ் இறந்தாரே, அதில் இழுக்கும் சின்ன பாராசூட் விரிந்துதான் இருந்தது. பெரியதைக் கூட்டிலிருந்து வெளியே இழுக்க அதனால் முடியவில்லை. மாற்று பாராசூட்டை விட்டார்கள், அது முதலில் வந்ததோடு சிக்கிக்கொண்டது. ககன்யானில் 10 பாராசூட் ஏன் என்று யோசித்தாயா? மூடியைக் கழற்ற இரண்டு, வேகம் குறைக்க இரண்டு, பெரியவற்றை இழுக்க மூன்று, கடைசியில் 25 மீட்டர் அகலத்தில் மூன்று. அந்த மூன்றிலும் இரண்டு விரிந்தாலே போதும்.

வெள்ளோட்டம்

ஐயா சொல்வதோடு ஒன்று. செவ்வாயில் இறங்குவதற்கான எக்ஸோமார்ஸ் விண்கலத்துக்கு 2019-ல் ஸ்வீடனில் சோதனை செய்தபோது 15 மீட்டர், 35 மீட்டர் பாராசூட்டுகள் கிழிந்தன. முழுசாக விரிவதற்கு முன்பே, பையிலிருந்து வெளியேறும்போதே சேதம். பையையும் மடிப்பையும்தான் மாற்றினார்கள். மடிப்பு எடுபிடி வேலை இல்லை என்பதற்குச் சொல்கிறேன்.

தட்டான்பூச்சி

புரிகிறது ஐயா. அப்படியானால் எங்கள் டப்பாவில் இழுப்பதற்கு யார்? குட்டி பாராசூட் ஒன்று வைத்தாலும் அதுவும் அதே நிழல் காற்றில்தானே மாட்டும்?

பழைய மடிப்பாளர்

இதைக் கேட்டாய் பார், நல்லது. உன்னிடம் ட்ரோன் இருக்கிறதே. அதுவே இழுக்கட்டும். படைவீரர்கள் நிலைக்கயிற்றில், அதாவது பாராசூட்டை இழுத்துத் திறக்கும் கயிற்றை விமானத்தில் மாட்டிவிட்டு, குதிப்பதும் இந்த முறைதான்.

மெல்லிய துணியில் ஒரு முனை திறந்த பை தைத்துக்கொள். மடித்த குடையை அதில் செருகு. கயிறுகளைச் சுற்றாதே, பையின் வெளிப்பக்கம் பாம்பு வளைவாக மடித்து ரப்பர் வளையங்களில் செருகு. பையின் மூடிய முனையிலிருந்து ட்ரோனுக்கு ஒரு கயிறு. குடையின் உச்சியைப் பையின் உள்ளே சாதாரணத் தையல் நூலால் கட்டு. டப்பா விழும்போது முதலில் கயிறுகள் நீளும், பிறகு துணி உருவி வெளியே வரும், கடைசியில் நூல் அறுந்து பை ட்ரோனோடு தங்கும். நூல் கட்டாயம் அறுகிற வலுவில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ட்ரோனும் சேர்ந்து கீழே வரும். தரையில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுப் போ. அந்தக் கயிறு இறக்கையில் சிக்காத நீளமா என்றும் பார்.

கயிறுகள் சேரும் இடத்தில் தூண்டில் கடையில் விற்கும் சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்) ஒன்று போடு. டப்பா சுழன்றாலும் கயிறு முறுக்காது.

விடுகிற அன்றே மடி. யார் மடித்தது, எப்போது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடு. கீழே ஆள் நடமாட்டம் கூடாது. முதல் பத்து சோதனைக்கு டப்பாவில் எலக்ட்ரானிக்ஸ் வேண்டாம், 600 கிராம் மணல் போதும்.

தட்டான்பூச்சி

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். குடைத் துணியை விட்டுவிட்டுப் பட்டம் செய்கிற ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாத நெசவு) நைலான் வாங்கினோம். அதே 80 செ.மீ., உச்சியில் ஓட்டை, கயிறு 90 செ.மீ.

மாடியிலிருந்து முதலில் மணல் டப்பாவை விட்டுப் பார்த்ததில் நூல் அறுந்துபோகவே இல்லை, டப்பா அந்தரத்தில் தொங்கியது. இரட்டை நூலாகக் கட்டியிருந்தோம். ஒற்றையாக்கினோம். பிறகு மைதானத்தில் 12 தடவை விட்டோம், 12-லும் விரிந்தது. கணக்குப்பிள்ளை அண்ணா, வேகம் 5.1-க்கும் 5.6-க்கும் நடுவில் வருகிறது. ஆட்டம் கொஞ்சம் இருக்கிறது, பழைய ஊஞ்சல் இல்லை.

நோட்டும் போட்டுவிட்டோம் ஐயா. பழைய மூன்று தடவையையும் ஞாபகத்திலிருந்து எழுதிச் சேர்த்தோம். அந்த ஆறு சுற்று சுற்றி இறுக்கியவன் நான்தான்.