ஹைட்டியை விடுவித்தது மக்களா, மஞ்சள் காய்ச்சலா?

ஆழிமகன்:
கரீபியத் தீவு நாடான ஹைட்டி, பிரான்சிடமிருந்து விடுதலை அறிவித்த 1804 ஜனவரி 1 பற்றிப் பேச்சு வந்தாலே, அடிமைகள் நெப்போலியன் படையைத் தோற்கடித்தார்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. 1802-ல் நெப்போலியனின் தளபதி லெக்ளேர்க் கொண்டுவந்த பிரெஞ்சுப் படையைத் தின்றது மஞ்சள் காய்ச்சல். அந்த நவம்பரில் லெக்ளேர்க்கும் அதில்தான் செத்தார். மறுவருஷம் பிரிட்டனோடு மறுபடி போர் மூண்டதும் பிரான்சிலிருந்து கப்பல் வருவதும் நின்றது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் விடுதலை கிடைத்திருக்குமா?

கரிசல்காடு:
காய்ச்சல் கொன்றது உண்மைதான் சார். அது தானாக வந்து கைகொடுத்தது போலச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. 1802 பிப்ரவரியில் கறுப்பினப் படையின் தலைவர் துசேன் லூவர்த்யூர் தன் தளபதி தெசலினுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். மழைக்காலம் வந்தால் பகைவர் ஒழிவார்கள், அதுவரை அழிவும் நெருப்பும்தான் நமக்கு ஆயுதம் என்கிறார். ஊரைக் கொளுத்திவிட்டு மலையேறி மழைக்குக் காத்திருந்தது தெரிந்தே போட்ட திட்டம்.

கதை 1802-ல் தொடங்கவும் இல்லை. 1791 ஆகஸ்ட் 22 இரவு வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் எரியத் தொடங்கியபோது லெக்ளேர்க் எங்கே இருந்தார்? ஹைட்டிக்கு அன்றைய பெயரான செயின்ட் டொமிங்க் என்ற அந்த பிரெஞ்சுக் காலனியில் சுமார் 5 லட்சம் அடிமைகள். வெள்ளையர் 40,000 கூட இல்லை. அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் ஓடும். தூக்கம் சொக்கிக் கரும்போடு சேர்த்து விரல் உருளைக்குள் போய்விட்டால் கை முழுவதையும் இழுத்துக்கொள்ளும். அந்தக் கையை வெட்டி ஆளைக் காப்பாற்றுவதற்காகவே பக்கத்தில் ஒரு கத்தி வைத்திருப்பார்கள். தினமும் அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டே கரும்பு கொடுத்தவர்கள்தான் அன்றைக்கு எழுந்தார்கள்.

மலையருவி:
கடிதத்தை எழுதிய துசேனே விடையும் சொல்லிவிட்டார். அடிமையாகப் பிறந்து, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் என்று மூன்று பேரரசுகளோடும் மோதி நின்றவர். அவர் இல்லாவிட்டால் 1791 வெறும் கலவரமாக முடிந்திருக்கும்.

கரிசல்காடு:
இங்கே நான் உங்களோடும் ஒத்துப்போகவில்லை. அடிமைத்தனத்திலிருந்து ஏற்கெனவே விடுபட்டிருந்த மக்களை 1801 வாக்கில் மறுபடி அதே தோட்டங்களில் கட்டிப்போட்டது துசேனின் சட்டம். ராணுவம் காவல் நிற்க, தோட்டத்தை விட்டு நகரக் கூடாது. அதை எதிர்த்து வடக்கில் மக்கள் கிளம்பினார்கள். அதற்குத் துணைநின்றதாக அவர் வளர்த்த மோயீஸையே சுட்டுக்கொன்றார்கள்.

அப்புறம் 1802. துசேன் ஆயுதத்தைக் கீழே வைத்தார். ஜூனில் பிடித்துப் பிரான்சுக்குக் கப்பலேற்றினார்கள். அவருடைய தளபதிகள் தெசலினும் கிறிஸ்டோஃபும் பிரெஞ்சுப் பக்கம் போய், மலையில் இருந்தவர்களையே வேட்டையாடினார்கள். அந்த மாதங்களில் ஆயுதத்தைக் கீழே வைக்காதவர் சான் சூசி போன்றவர்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு வந்தவர். குவாதலூப் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தீவில் அடிமைமுறை திரும்பிவிட்டது என்ற சேதி பரவிய பிறகு, அக்டோபர் வாக்கில்தான் தளபதிகள் பிரெஞ்சுக்காரரை விட்டு வந்தார்கள். வந்தபின் சான் சூசியைப் பேச்சுக்கு அழைத்துக் கொன்றது கிறிஸ்டோஃபின் ஆட்கள். அந்த மனிதரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு ஆறாத விஷயம் இது.

ஆழிமகன்:
சான் சூசி பற்றி இன்றுதான் அறிகிறேன், நன்றி. அந்த மாதங்களை வைத்துப் பார்த்தால் காய்ச்சல் வாதம் கொஞ்சம் தளர்வதை ஒப்புக்கொள்கிறேன். படை செத்துக்கொண்டிருந்தாலும், எதிரில் நிற்க யாராவது இருந்திருக்க வேண்டுமே. ஆனால் விடுதலைக்குப் பிறகு 1804-ன் முதல் மாதங்களில் தெசலின் உத்தரவில் மிச்சமிருந்த பிரெஞ்சுக்காரர்கள் பெண்கள், குழந்தைகளோடு கொல்லப்பட்டார்கள். இதை ஏன் யாரும் எழுதுவதில்லை? அந்த நாடு உலகத்தில் தனிமைப்பட்டு ஏழையானதற்கு அதுவும் காரணம் இல்லையா?

வெண்ணிலா82:
குழந்தையைக் கொன்றதற்கு எந்த நியாயமும் கிடையாது. லெக்ளேர்க்குக்குப் பின் பிரெஞ்சுப் படையை நடத்திய ரோஷாம்போ நாய்களை ஏவிக் கறுப்பின மக்களைக் கடிக்கவிட்டதைச் சொல்லி அதை நேர்செய்யவும் நான் வரவில்லை. பிரெஞ்சுப் படையை விட்டுவந்த போலந்து வீரர்களைத் தெசலின் விட்டுவைத்தார், குடியுரிமையும் கொடுத்தார். ஆக, யாரைக் கொல்வது என்று தெரிந்து எடுத்த முடிவுதான் அது.

ஆனால் ஏழ்மைக்கு அதைக் காரணமாகச் சொன்னால் விடமாட்டேன். 1825-ல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அங்கீகாரம் வேண்டுமானால் 15 கோடி பிராங்க் கொடு என்றார். தோட்டத் துரைமார் இழந்த சொத்துக்கு ஈடாம். அந்தச் சொத்தில் அடிமைகளும் சேர்த்தி. அதாவது தங்கள் உடம்புக்குத் தாங்களே விலை கொடுத்தார்கள். முதல் தவணைக்கே பாரிஸ் வங்கிகளில் கடன் வாங்க வேண்டியிருந்தது. 1838-ல் தொகையைக் குறைத்தார்கள். அப்படியும் அதையொட்டிய கடன்கள் தீர 1947 ஆயிற்று. அமெரிக்கா அங்கீகரித்ததே 1862-ல். தன் அடிமைகள் காதில் இந்தச் சேதி விழக் கூடாது என்ற பயம்தான் அதற்குப் பெரிய காரணம்.

ஆழிமகன்:
1825 கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. அது பகல்கொள்ளை. ஆனால் தெசலினையே 1806-ல் சொந்த ஆட்கள் கொன்று நாடு இரண்டாகப் பிரிந்ததே, அதைப் பாரிஸ் வங்கி செய்யவில்லை. தளபதிகளின் பதவிச் சண்டையையும் கணக்கில் எழுதுங்கள்.

கரிசல்காடு:
எழுதலாம். சான் சூசியைச் சொன்னபோது நான் எழுதியதும் அதைத்தான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அடிமைகள் சமைத்து, துரைமார் வீட்டார் மட்டும் குடித்த பரங்கிக்காய் சூப்பை ஹைட்டி மக்கள் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடிக்கிறார்கள். தளபதிகள் பதவிக்கு அடித்துக்கொண்ட காலத்திலும் அந்த மக்கள் ஒருமுறைகூட மறுபடி அடிமையாகவில்லை.