கூத்து எடுக்க எந்தக் கேமரா: பாக்கெட் காம்பாக்டா, டிஎஸ்எல்ஆரா?

வந்தவாசிக்காரன்:
வணக்கம். வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா வருகிறது. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் வதமான படுகளம், சாயங்காலம் தீமிதி. இந்த முறை எல்லாவற்றையும் ஒழுங்காகப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஆசை. என் பணத்துக்கு இரண்டு பழைய கேமராக்கள் கிடைக்கின்றன. ஒன்று சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, சட்டைப்பையில் போகிற சைஸ். மற்றது நிக்கான் டி7500, உள்ளே கண்ணாடி வைத்த பெரிய டிஎஸ்எல்ஆர், 18-140 எம்எம் ஜூம் லென்ஸோடு. நிக்கான் விலை கொஞ்சம் கூட, ஆனால் சமாளிக்கலாம். எதை வாங்க?

"போன் போதும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். போன வருடம் போனில்தான் எடுத்தேன். அரிதாரக் கோடுகளை எல்லாம் அதுவே வழித்துத் துடைத்துவிட்டது.

கண்ணாடிப்பெட்டி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? டி7500 எடு. இரண்டிலும் மெகாபிக்சல் கிட்டத்தட்ட ஒன்றுதான், 20 சொச்சம். அதைப் பார்த்து ஏமாறாதே. வெளிச்சத்தைப் படமாக மாற்றுகிற சென்சாரைப் பார். சோனியுடையது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். நிக்கானுடையது 23.5க்கு 15.7. பரப்பைப் பெருக்கிப் பார், மூன்று மடங்குக்கு மேல். ராத்திரி இரண்டு மணிக்கு நாலு லைட்டை நம்பி நடக்கிற கூத்தில் அந்த மூன்று மடங்குதான் படம். மற்றதெல்லாம் பேச்சு.

அப்புறம் ஃபோகஸ். டி7500ல் 51 புள்ளி ஃபேஸ் டிடெக்ஷன், எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அளந்து நேராகப் போய் நிற்கும். மார்க் 3ல் கான்ட்ராஸ்ட் பார்த்துத் தேடுகிற பழைய முறை மட்டும்தான், சோனி இந்த வரிசையில் ஃபேஸ் டிடெக்ஷன் கொடுத்ததே 2016ல் மார்க் 5 வந்தபோதுதான். துச்சாதனன் சுழன்று வரும்போது உன் சோனி முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். அவர் அதற்குள் சபையை ஒரு சுற்று சுற்றிவிடுவார். பேட்டரியும் அப்படித்தான். நிக்கானுக்குக் கம்பெனிக் கணக்கு 950 படம், சோனிக்கு 320.

சட்டைப்பை:
அண்ணா, சென்சாரை மட்டும் பெருக்கினீர்கள், லென்ஸை ஏன் விட்டுவிட்டீர்கள்?

எஃப் எண் சின்னதாக ஆக ஆக லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம் கூடும். தம்பிக்குக் கிடைக்கிற 18-140, எஃப்/3.5ல் தொடங்கி 5.6ல் முடிகிற லென்ஸ். சோனியில் இருப்பது 24-70, எஃப்/1.8ல் தொடங்கி 2.8ல் முடிகிறது. ஒரே கோணத்தில் இரண்டையும் வையுங்கள். சோனியின் 24-70 என்பது முழு ஃபிரேம் கணக்கு, நிக்கானில் அதே கோணம் வர எண்ணை ஒன்றரையால் வகுக்க வேண்டும். சோனி 70ல் எஃப்/2.8. அதே கோணத்துக்கு நிக்கானை 47 வாக்கில் திருப்பினால் எஃப்/4.8, எஃப்/5 என்று வந்து நிற்கும். சென்சாரில் கிடைத்த மூன்று மடங்கை லென்ஸ் அப்படியே தின்றுவிட்டது. முக்கால் கிலோ உடம்பு, அதன் மேல் அரைக் கிலோ லென்ஸ், எல்லாம் சுமந்து போய் 290 கிராம் கேமரா எடுக்கிற அதே படத்தை எடுக்க வேண்டுமா?

கடைகளில் டிஎஸ்எல்ஆர் விற்கிற ரகசியமே இதுதான். பெரிய சென்சார் என்று சொல்லி, மங்கலான ஜூம் லென்ஸை மாட்டிக் கொடுப்பார்கள்.

கண்ணாடிப்பெட்டி:
கணக்கு சரிதான். ஆனால் டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றலாம் என்பதை மறந்துவிட்டாய் சகோதரி. டி7500 மாதிரி டிஎக்ஸ் அளவு சென்சாருக்கென்றே செய்த 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் 2009ல் வந்தது, எடை 200 கிராம், பழையது எங்கும் கிடைக்கும். 50 எம்எம் எஃப்/1.8 அதைவிடத் தாராளமாகக் கிடைக்கும். 50ஐ மாட்டு, இப்போது கணக்குப் போடு. சோனியின் 2.8க்கு எதிரே 1.8, அதுவே இரண்டரை மடங்கு. சென்சாருக்கு மூன்று மடங்கு. மொத்தம் ஏழரை மடங்கு வெளிச்சம், ஏறக்குறைய மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). ஐஎஸ்ஓவை, அதாவது படத்தை வெளிச்சமாக்கும் அளவை ஏற்ற ஏற்றப் படம் பொரியும். நிக்கானில் இவன் 3200ல் எடுத்தால், அதே ஷட்டருக்கு சோனியில் 8000 போட வேண்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு சென்சாரில். அரிதாரக் கோடு போனில் அழிந்தது என்கிறான். அங்கேயும் அழியும்.

மின்சாரத்தவளை:
இரண்டும் வேண்டாம். கேனன், நிக்கான் இரண்டுமே டிஎஸ்எல்ஆரில் கடைசியாகப் புது மாடல் விட்டது 2020ல். இன்றும் விடாமல் பிடித்திருப்பது பென்டாக்ஸ் மட்டும்தான். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்குங்கள்.

வந்தவாசிக்காரன்:
வாங்கலாம் அண்ணா, மிச்சப் பணத்தை நீங்கள் போட்டால்.

கண்ணாடிப்பெட்டி:
புது மாடல் வராததால்தான் பழைய டிஎஸ்எல்ஆர் இந்த விலைக்குக் கிடைக்கிறது. நமக்கு நல்லதுதானே.

இருட்டறை:
எல்லோரும் சென்சாரை அளக்கிறீர்கள். தம்பி எங்கே உட்காரப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எடுப்பது ஒரு வேலை. ஆட்டக்களரி ஓரத்தில் இருந்து எடுப்பது வேறு வேலை. கூத்து ஆரம்பிக்கும் முன் கொட்டகைக்குள் வேடம் கட்டுவார்களே, அதை எடுப்பது மூன்றாவது வேலை. மூன்றுக்கும் ஒரே கேமரா சரிவராது. எது முக்கியம் என்று முதலில் சொல்லுங்கள்.

வந்தவாசிக்காரன்:
முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் ஐயா. என் தாய்மாமா அந்தக் கூத்து ஜமாவில் (குழுவில்) முகவீணை வாசிக்கிறார், குட்டி நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற வாத்தியம். வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நான் உட்காரலாம். ஆடுகிறவர்கள் என்னிடமிருந்து இரண்டு, மூன்று மீட்டர். கொட்டகைக்குள்ளும் போக வர விடுவார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு வேடம் கட்டுவதை எடுக்கத்தான் ஆசை அதிகம். ஒற்றை பல்பு, கையில் கண்ணாடி, அவர்களே முகம் எழுதிக்கொள்வார்கள். ஒரு ஆள் துரியோதனனாக மாற ரொம்ப நேரம் ஆகும்.

சட்டைப்பை:
தாய்மாமா முகவீணை என்றால் வழக்கு முடிந்தது. காம்பாக்ட்.

கொட்டகையின் அளவு என்ன? நாலு ஓலை, ஒரு தார்ப்பாய். உள்ளே ஏழெட்டுப் பேர், கிரீடம், தோளில் கட்டும் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் தரையில் பரப்பியிருக்கும். அங்கே 47 எம்எம்மும் 50 எம்எம்மும் எதற்கு? சுவரில் முதுகு முட்டும். அகலமாகப் பிடிக்கிற 24 எம்எம் வேண்டும், அந்த இடத்தில் சோனி எஃப்/1.8 தருகிறது. அண்ணன் சொல்கிற டிஎக்ஸ் உடம்புக்கு 24 கோணத்தில் எஃப்/1.8 லென்ஸ் தேடினால் அதன் விலை கேமராவின் விலையைத் தாண்டும்.

இன்னொன்று, முகம். பெரிய லென்ஸை நீட்டினால் வேடம் கட்டுகிறவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்வார். அவருக்கு அது ஒரு மரியாதை, நமக்குப் படம் போச்சு. கையளவுப் பொருளைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார். மேக்னம் என்கிற புகைப்படக்காரர் கூட்டமைப்பைச் சேர்ந்த அலெக்ஸ் மஜோலி 2000களின் தொடக்கத்தில் போர்முனைகளுக்கே ஒலிம்பஸ் காம்பாக்ட்தான் கொண்டுபோனார். ஜப்பானியத் தெருப் புகைப்படக்காரர் டைடோ மொரியாமாவின் கையில் ரிக்கோ ஜிஆர், அதுவும் காம்பாக்ட்தான். இவர்களுக்குப் பெரிய கேமரா வாங்க வசதி இல்லாமலா?

கண்ணாடிப்பெட்டி:
மொரியாமாவை இழுக்காதே. அவருக்குப் பொரிப்பொரியாக வருவதுதான் அழகு. இவனுக்கு அரிதாரக் கோடு வேண்டும்.

கொட்டகைக்கு உள்ளே உன் வாதம் நிற்கும். வெளியே வா. ஆட்டம் தொடங்கிவிட்டது, தேடுகிற ஃபோகஸை வைத்து என்ன செய்வான்?

சட்டைப்பை:
தேடவே விட வேண்டாம். மேனுவல் ஃபோகஸில் மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டு அதை மறந்துவிடலாம். சோனியின் 24 என்பது உண்மையில் 8.8 எம்எம் லென்ஸ். எஃப்/1.8ல் கூட, ஒன்றேமுக்கால் மீட்டரில் தொடங்கி பத்து மீட்டர் தாண்டியும் தெளிவாக விழும். துச்சாதனன் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றட்டும். உங்கள் 35 எம்எம்மை எஃப்/1.8ல் அதே மூன்று மீட்டருக்கு வையுங்கள், தெளிவு அரை மீட்டர் ஆழம்தான். மூக்கு தெளிந்தால் கிரீடத்தின் பின்பக்கம் கலங்கும், அவர் ஒரு அடி முன்னால் வந்தால் இரண்டும் கலங்கும். அதனால்தான் உங்களுக்கு 51 புள்ளி தேவைப்படுகிறது.

கண்ணாடிப்பெட்டி:
24ல் மூன்று மீட்டரில் ஆள் முழுசாக, சின்னதாக வருவார். முகத்தை எடுக்க ஜூம் செய்தால் உடனே 2.8. வெட்டிப் பெரிதாக்கினால் இருக்கிற சின்ன சென்சாரிலும் பாதி போகும். கிட்டே போய் எடுத்தால் ஓரத்தில் இருக்கிற கையும் புஜகீர்த்தியும் இழுத்துக்கொண்டு நீளும்.

இருட்டறை:
கண்ணாடிப்பெட்டி சொல்வது நிஜம். ஆனால் கூத்தில் முகம் மட்டும் பாத்திரம் ஆகிவிடாது. கிரீடம், கை, கால் சலங்கை வரை சேர்ந்துதான் துரியோதனன். நான் பிலிம் காலத்திலிருந்து எடுக்கிறேன். முகத்தை மட்டும் வெட்டி எடுத்த படங்களைக் கூத்துக்காரர்களிடம் காட்டினால் "என் கால் எங்கே" என்றுதான் கேட்பார்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/500 நொடி மாதிரி ஷட்டர் வேகம் வைத்தால் டிஎஸ்எல்ஆரின் திரை ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை விழலாம். டி7500ல் துடிப்பைப் பார்த்து ஷட்டரைத் திறக்கிற வசதி உண்டு, மெனுவில் தேடிப் போட வேண்டும். சோனியின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிற இலை ஷட்டர். பட்டை விழாது, ஆனால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கியும் வரும். 1/100 வைத்தால் இரண்டிலும் தொல்லை இல்லை. கை சுழல்வது கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும், ஆட்டம் அல்லவா.

எதை வாங்கினாலும் ஃபோகஸுக்கு உதவும் அந்தச் சின்ன விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு ஊரில் பக்கத்தில் இருந்தவர் பெரிய லென்ஸும் அந்த விளக்குமாக ஆடுகிறவர் கண்ணில் அடித்துக்கொண்டே இருந்தார். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன் சும்மா விடுவாரா? "துரோணாச்சாரி அம்பறாத்தூணியை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரா?" என்று லென்ஸைக் காட்டிக் கேட்டார். கூட்டம் சிரித்து அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

வந்தவாசிக்காரன்:
படுகளத்துக்கு எது நல்லது? வெயிலில் நடக்கும், மண்ணில் துரியோதனன் உருவம் பெரிதாகப் படுத்திருக்கும். கிரீடத்தின் நிழல் விழுந்து பீமன் வேடக்காரருக்குக் கண்ணே தெரியாது.

சட்டைப்பை:
அதற்குத்தான் அந்த இலை ஷட்டர். டி7500ல் ஃபிளாஷ் சேர்ந்து வேலை செய்கிற வேகம் 1/250 வரைதான். வெயிலில் அதற்கு எஃப்/11 பக்கம் போக வேண்டும், உடம்போடு வரும் ஃபிளாஷ் அங்கே மூச்சுத் திணறும். சோனி 1/2000லும் ஃபிளாஷ் அடிக்கும், எஃப்/4ல் எடுக்கலாம். ஒரு மீட்டர் தூரத்தில் கிரீடத்தின் நிழல் கண்ணை விட்டு விலகும். அதற்கு மேல் தூரம் எதிர்பார்க்காதே, குட்டி ஃபிளாஷ்.

கண்ணாடிப்பெட்டி:
வெளி ஃபிளாஷ் மாட்டினால் நிக்கானிலும் ஹை ஸ்பீட் சிங்க் உண்டு, வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிக்கும். இன்னொரு சாமான் வாங்க வேண்டும் என்பாய், தெரியும். தூசியைச் சொல்லு முதலில். படுகளத்தில் புழுதி, தீமிதியில் சாம்பல். உள்ளே வெளியே போகிற காம்பாக்ட் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றோடு தூசியையும் இழுக்கும். சென்சாரில் ஒட்டினால் நீ தொட முடியாது, பிரித்துத்தான் துடைக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு ரப்பர் ஊதி போதும்.

சட்டைப்பை:
இதற்குப் பதில் இல்லை. அண்ணாவுக்கு ஒரு புள்ளி. தம்பி, புழுதி கிளம்பும்போது லென்ஸை உள்ளே வெளியே ஆட்டாமல் ஒரே நிலையில் வைத்திரு. ஆட்டம் ஓய்ந்ததும் அணைத்துத் துணியில் சுற்று.

வந்தவாசிக்காரன்:
மாமாவிடம் பேசினேன். "பெரிசா எதையாச்சும் கொண்டாந்து வேசக்காரங்களை மிரட்டாதே" என்றார். அது ஒரு பக்கம். எனக்கும் முக்கியம் கொட்டகைதான் என்று இங்கே எழுதும்போதே தெரிந்துவிட்டது. சோனியையே எடுக்கிறேன். மிச்சப் பணத்தில் ஒரு பேட்டரியும் ஒரு பவர் பேங்கும். கேமரா யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும் என்கிறார்கள், விடிய விடியத் தாங்கும். கூட்டத்துக்குப் பின்னால் இருந்து எடுக்கிற படமும், தீமிதியில் தூரத்து முகமும் இந்த வருடம் கிடைக்காது. பரவாயில்லை.

பழையது வாங்கும்போது எதைப் பார்க்க?

கண்ணாடிப்பெட்டி:
என் பேச்சைக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெள்ளைச் சுவரை எஃப்/11ல் ஒரு படம் எடு. கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி, வேண்டாம். லென்ஸை நீட்டி டார்ச் அடித்துப் பார், சிலந்தி வலை போல் இழை ஓடினால் பூஞ்சை. ஜூம் போகும்போது கரகரவென்று சத்தம் வரக்கூடாது. மேலே எழும்புகிற வியூஃபைண்டரை நாலு முறை ஏற்றி இறக்கு.

கொட்டகையில் ரா ஃபைலாகவே எடு, சென்சார் கொடுத்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும். அரிதாரச் சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்னால் வெந்துபோகும், திரையில் சரியாகத் தெரிந்தாலும் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து வை. கிரீடத்துக் கண்ணாடித் துண்டு வெளுத்தால் வெளுக்கட்டும், கன்னத்துச் சிவப்பு போகக்கூடாது.

சட்டைப்பை:
அண்ணா காம்பாக்டுக்குப் பாடம் எடுக்கிறாரே!

கண்ணாடிப்பெட்டி:
எடுத்த படங்களை இங்கே போடச் சொல். சுருக்காமல், முழு அளவில். நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பேசுவேன்.