மறு: டீசல் லைனில் ‘பிளீடிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> தாத்தாவின் பழைய மாஸே 1035 டிராக்டர் பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. கல்லூரி விடுமுறையில் அதைப் பிரித்துப் பழகுகிறேன். கற்றதை என்னைப் போன்ற பொடியன்களுக்காகத் தமிழில் எழுதியும் வருகிறேன். ‘பிளீடிங்’ வந்த இடத்தில் நின்றுவிட்டேன். மொழிபெயர்ப்புக் கருவி ‘எரிபொருள் அமைப்பின் இரத்தப்போக்கு’ என்கிறது.

அந்தக் கருவிக்கு யாராவது கட்டுப் போட்டுவிடுங்கள். நாம் வேலையைப் பார்ப்போம்.

தம்பி, இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் படித்தேன். பெரும்பாலானவை ஆங்கிலச் சொல்லை எதிரே வைத்துக்கொண்டு செய்தவை. வண்டிக்குப் பக்கத்தில் நின்று யோசித்தால் வேறு மாதிரி வரும் என்று தோன்றுகிறது. பிளீடிங் என்பது டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை. அதை முதலில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிராக்டர் பக்கமே போகாத குழும நண்பர்களும் கருத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கிச் சூடாக்கும். அந்தச் சூட்டில் நாசில் டீசலைத் தூவ, அது தானாகப் பற்றிக்கொள்ளும். நாசிலுக்குள் ஒரு ஊசி, அதை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். டீசலின் அழுத்தம் நூறு பாரை (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு) தாண்டிப் போனால்தான் ஸ்பிரிங்கை மீறி ஊசி எழும்பும். டீசல் எவ்வளவு நெருக்கினாலும் அநேகமாகச் சுருங்காது. ஆகவே பம்ப் தள்ளும் தள்ளு அப்படியே ஊசிவரை போய்ச் சேருகிறது. நடுவில் ஒரு காற்றுக்குமிழ் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் கெட்டது. தள்ளு முழுவதும் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், ஊசி அசையாது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்குவதுதான் மிச்சம்.

காற்று எப்போது உள்ளே போகும்? டேங்கில் டீசல் தீர்ந்து வண்டி நின்றால், ஃபில்டர் மாற்றினால், உன் வண்டியைப் போல வருடக்கணக்கில் நின்று ரப்பர் குழாய் வெடித்திருந்தால். ஒரு விஷயத்தைக் குறிப்பில் கட்டாயம் சேர்த்துக்கொள். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்னப் பம்ப் ஃபீட் பம்ப். அதற்கு முன்னால் உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஒரு காப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை என்றால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாமலேயே காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். பம்புக்குப் பின்னால் உள்ள பகுதியில் கசிவு இருந்தால் டீசல் சொட்டி அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எனவே திரும்பத் திரும்பக் காற்று புகும் வண்டியில் ஈரத்தைத் தேடிக்கொண்டிருக்காதே. முன்பகுதியின் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்.

சரி, காற்றை வெளியேற்றும் முறை. ஃபில்டர் தலையில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்திவிட்டு ஃபீட் பம்பின் கை லிவரை அடிக்க வேண்டும். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழ் இல்லாத டீசல் வரும். அது வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்கிவிடு. அடுத்து, நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பெரிய பம்ப். பழைய ரோட்டரி பம்ப் என்றால் அதில் இரண்டு திருகுகள் இருக்கும். கீழே உள்ளதை முதலில், மேலே கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) மூடியில் உள்ளதை அப்புறம். கடைசியாக நாசில் பைப்புகளின் நட்டுகளை நாசில் பக்கம் லேசாகத் தளர்த்தி, இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கைப்பிடியை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, செல்ஃப் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பைப்பிலும் டீசல் விட்டுவிட்டு வரத் தொடங்கியதும் இறுக்கினால் வண்டி தடுமாறிக்கொண்டே கிளம்பும்.

கை லிவர் தளர்ந்து தொளதொளவென்று ஆடினால் ஃபீட் பம்ப் போச்சு என்று கடைக்கு ஓடாதே. பம்பை இயக்கும் கேமின் (இன்ஜினோடு சுழலும் மேடுள்ள பாகம்) மேடு அந்த நேரம் அங்கே வந்து நிற்கலாம். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பார். இன்னொன்று, இது பெரிய எழுத்தில் வர வேண்டும்: அழுத்தத்தில் பீச்சும் டீசலுக்கு எதிரே விரலை நீட்டக் கூடாது. தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்தினாற்போலத்தான் தெரியும், ஆனால் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. கசிவு பார்க்க அட்டைத் துண்டு போதும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரிவது டீசல் வழிவது. நடப்பது காற்று போவது. ஆங்கிலம் முன்னதைப் பார்த்துப் பெயர் வைத்தது. நமக்குப் பின்னதுதான் வேண்டும்.

> மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்கிறது’ என்கிறார்கள். அதையே ‘காற்றெடுப்பு’ ஆக்கிவிடலாமே?

எனக்கும் முதலில் பிடித்தது இதுதான். சென்னையில் டிராக்டர் நிறுவனமான டாஃபே தொடங்கியது 1960-இல். அப்போதிலிருந்து நம் பட்டறைகளில் இந்த வேலையைத் தமிழில் பேசியேதான் செய்து வருகிறார்கள், அந்த வாய்மொழியைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஆனால் எழுத்தில் இரண்டு இடைஞ்சல்கள். டிராக்டர் புத்தகத்தில் ‘ஏர் எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பவும்’ என்று எழுதினால் படிப்பவர் கலப்பையைத் தேடுவார். ‘ஏர்’ என்ற எழுத்துகளுக்கு உழவரிடம் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. ‘காற்று’ என்று மாற்றினால் அந்தச் சிக்கல் போகும், ‘எடு’ நிற்கும். கிணற்றில் தண்ணீர் இறங்கி ஃபுட்வால்வு வெளியே வந்துவிட்டால் ‘மோட்டார் ஏர் எடுக்குது’ என்கிறோம். அங்கே காற்று உள்ளே போகிறது. பட்டறையில் ‘ஏர் எடு’ என்றால் வெளியே போகிறது. இன்ஜின் ஏர் ஃபில்டர் வழியாகக் காற்றை எடுப்பது வேறு இருக்கிறது. பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். தனியாக உட்கார்ந்து படித்துப் பழகும் பையனுக்கு அந்த வசதி இல்லை.

> காற்றிறக்கம்?

டயர். மேலே பேச வேண்டியதில்லை.

> ‘வளி நீக்கம்’ பொருள் பிசகாத சொல். ஏன் தயக்கம்?

ஐயா, பொருளில் குறையே இல்லை. பள்ளியிலேயே வளி என்று படித்து வளர்ந்த இலங்கை நண்பர்களுக்கு இது இயல்பாகவும் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் வளி என்றதும் நினைவுக்கு வருவது வளி, அழல், ஐயம் என்னும் சித்த மருத்துவக் கணக்கு. ‘வளி நீக்கம்’ என்று தலைப்புப் போட்டால் பாதிப் பேர் சூரணம் கேட்பார்கள். தவிர, ‘நீக்கம்’ கொஞ்சம் அலுவலகத்து வாடை அடிக்கிறது. நிலையான சொற்பட்டியலுக்கு ஒரு மாற்றாக இருக்கட்டும். இந்தக் குறிப்புக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

என் முன்மொழிவு இரண்டு சொல். ஒன்று நோய்க்கு, ஒன்று மருந்துக்கு.

லைனில் காற்று சிக்கிய நிலை, அதாவது ‘ஏர் லாக்’, காற்றுப்பிடிப்பு. பட்டறையில் ‘ஏர் புடிச்சிருக்கு’ என்பதும் வீட்டில் வாயுப்பிடிப்பு என்பதும் இதில் சேர்ந்துவிடுகின்றன. விளக்கமே தேவைப்படாது.

அதைப் போக்கும் வேலை காற்று களைதல். பெயர்ச்சொல்லாக காற்றுக்களைவு. வயலில் இருக்கக் கூடாத இடத்தில் நிற்பது களை, டீசலுக்கு நடுவே காற்றும் அப்படித்தான். குறை களைதல், ஐயம் களைதல் என்று எழுத்திலும் புழங்குகிற வினை. உள்ளே எடுப்பது என்ற பொருள் இதற்கு வரவே வராது. பிரேக்குக்கும் பொருந்தும், ரேடியேட்டருக்கும் பொருந்தும். இன்னொரு லாபம், கிளைச்சொற்கள் சுலபமாக முளைக்கின்றன: தளர்த்துகிற திருகு களைதிருகு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை.

> களைதல் என்றால் களைப்பு ஞாபகம் வருகிறதே?

வினையாகப் புழங்கும்போது தமிழே பிரித்துவிடுகிறது. காற்றைக் களைந்தான் என்றால் போக்கினான். செல்ஃப் அடித்துக் களைத்தான் என்றால் சோர்ந்தான். கொட்டகையில் இரண்டும் ஒரே மாலையில் நடக்கும் என்பது வேறு விஷயம்.

> அப்படியானால் நாசில், ஃபில்டர், வாஷர் எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டுமல்லவா?

இங்கே நான் ஒத்துப்போகவில்லை. கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளின் பெயரை அப்படியே விட்டுவிடலாம் என்பேன். பையன் டவுனுக்குப் போய் ‘செம்பு வளையம்’ கேட்டால் கடைக்காரர் பாத்திரக்கடைக்கு வழி காட்டுவார். பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பதே பாடு. பெயராலும் அலைய வேண்டாம். கையால் செய்கிற வேலைக்கும், வண்டியில் காணும் கோளாறுக்கும்தான் தமிழ்ச்சொல் அவசரமாக வேண்டும். ஏன் செய்கிறோம் என்பது புரிவது அங்கேதான். சொற்பட்டியல் போடுகிறவர்கள் பொருட்பெயர்களையும் தமிழில் ஆக்கட்டும், தடையில்லை. குறிப்பு எழுதும் தம்பி தலையில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம்.

வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது என்று எழுதிப் பார்த்தேன்:

‘ஃபில்டர் மாற்றியபின் வண்டி கிளம்பவில்லை என்றால் காற்றுப்பிடிப்பு இருக்கலாம். ஃபில்டர் தலையின் களைதிருகைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை கை லிவரை அடிக்கவும். பிறகு பம்பிலும், கடைசியாக நாசில் பைப்புகளிலும் காற்று களையவும்.’

எனக்குத் தடுக்கவில்லை. ‘வளி நீக்கம்’ சொன்ன ஐயாவுக்கு ஒரு கேள்வி: ‘காற்று களைதல்’ என்று தொழிற்பெயராக வரும்போது இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று ஒற்றுப் போடாமலும், ‘காற்றுக்களைவு’ என்று கூட்டுப்பெயராகும்போது ஒற்றுப் போட்டும் எழுதியிருக்கிறேன். சரிதானா என்று சொன்னால் தம்பி அப்படியே அச்சுக்கு எடுத்துக்கொள்வான்.

தம்பி, வால்வு இடைவெளி பற்றிய அத்தியாயத்துக்கு வரும்போது ‘டேப்பெட் செட்டிங்’குக்குத் தனி இழை தொடங்கு. இங்கேயே கேட்டால் பழைய மடல்களுக்குள் மாட்டிக்கொள்ளும். அதற்குமுன் டேங்கை இறக்கி அடியில் படிந்திருக்கும் துருவையும் வண்டலையும் கழுவிவிடு. இல்லாவிட்டால் புது ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், அதை மாற்றிவிட்டு மறுபடி காற்று களைய உட்கார வேண்டியதுதான்.