கூடுதல் ரேம் போட்டால் லேப்டாப் திரை வரவில்லை, என்ன காரணம்?

வணக்கம் நண்பர்களே, காரிமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். தங்கை டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் லேப்டாப்பில் கூடுதல் ரேம் போட்டால் திரையில் ஒன்றுமே வரவில்லை.

2015 மாடல், இன்டெல் ஐ3-5005யூ, விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். முதலில் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போட்டோம். நல்ல மாற்றம், சட்டென்று ஆன் ஆகிறது. ஆனால் குரோமில் வகுப்பு வீடியோவும் பிடிஎஃப்பும் சேர்ந்து திறந்தால் மெமரி நிரம்பி அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் போன வாரம் தருமபுரியில் ஒரு கடையில் இன்னொரு 4 ஜிபி ரேம் வாங்கி, காலியாக இருந்த ஸ்லாட்டில் போட்டேன். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

ஸ்லாட் மாற்றிப் பார்த்தேன், ரப்பரால் துடைத்தேன், பயாஸும் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாயிற்று. புதியதை மட்டும் தனியாகப் போட்டாலும் அதே நிலைதான். பழைய ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் ஒழுங்காக ஓடுகிறது, ஆக ஸ்லாட்டில் குறை இல்லை.

ஒன்று கவனித்தேன். பழையதில் பிசி3எல்-12800 என்றும் வாங்கியதில் பிசி3-12800 என்றும் அச்சிட்டிருக்கிறது. முன்னது 1.35 வோல்ட், பின்னது 1.5 வோல்ட். கடைக்காரரோ இரண்டும் ஒன்றுதான் என்கிறார். தங்கைக்குத் தேர்வு நெருங்குகிறது.

இந்த வோல்ட் வித்தியாசம்தான் காரணமா, பிசி3எல் ரேமாக மாற்றி வாங்கினால் சரியாகிவிடுமா?