கண்ணழுத்தம் இயல்பாக இருந்தால் கிளாக்கோமா இல்லை என்று கொள்ளலாமா?

கேள்வி: என் தந்தைக்குக் கிளாக்கோமா (பார்வை நரம்பைச் சிதைக்கும் கண் நோய்) உறுதியாகியுள்ளது. எனக்கு வயது 42. கண்ணழுத்தம் 18, பார்வையும் தெளிவு. மேலும் பரிசோதனை தேவையா?

மறுமொழி 1: நிச்சயமாகத் தேவை. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பான அழுத்தமாகக் கருதப்பட்டாலும், அதற்குள்ளேயே பார்வை நரம்பு சிதைவோரும் உண்டு. கருவிழிப் படலம் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலம்) மெல்லியதாக இருப்பின், கருவி உண்மை அழுத்தத்தைவிடக் குறைவாகவே காட்டக்கூடும். ஆகவே கண்பாவையை விரித்து நரம்பைப் பார்ப்பதும், பார்வைப்புலப் பரிசோதனையும் (ஓரப் பார்வை உட்படக் கண் காணும் பரப்பை அளப்பது) அவசியம்.

மறுமொழி 2: தெளிவான பார்வையை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பாதிப்பு பெரும்பாலும் ஓரப் பார்வையில் தொடங்குவதாலும், ஒரு கண்ணின் குறையை மறுகண் ஈடுசெய்வதாலும், எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசிப்பவருக்கும் நோய் முற்றியிருக்கலாம். இழந்த பார்வை மீளாது. சொட்டு மருந்து எஞ்சியதைக் காக்கவே உதவும். உடன்பிறந்தோர் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 3: ஸ்டீராய்டு மருந்து எடுப்பவராயின் மருத்துவரிடம் கூறுங்கள், அதுவும் கண்ணழுத்தத்தை உயர்த்தக்கூடும்.